ஐந்து நாற்பத்திரண்டு

புதன்கிழமை இரவு ஷிப்டில்
சலவை இயந்திரம் பிழிந்து ஓய்வதற்குள்
ட்ரஹோமீரா எங்கள் ஞாயிற்றுக்கிழமையை முடித்துவிடுவாள்.
ஆஸ்பத்திரிப் போர்வைப் பட்டியலின் பின்பக்கம்தான் தாள்.
பிர்னோவிலிருந்து ஆளுக்கு எவ்வளவு,
மூவருக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் என்றால் எவ்வளவு,
எந்தக் கிணற்றடியில் தண்ணீர் பிடிக்கலாம்.
அடமோவில் இறங்கி
மலைமுதுகோடு நடந்து
பீலோவிட்சேயில் ஏறுவது.
புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டாம்
என்ற வரிக்கு மட்டும் இரண்டு அடிக்கோடு:
நமக்காக அங்கே காத்து நிற்க
காரா இருக்கிறது?

"அண்ணன் ஸ்கோடாவைக் கொடுப்பான்" என்றான் லுபோர்,
"பெட்ரோல் மட்டும் நாம் போட்டால் போதும்."
அவள் அதையும் மதித்துக் கணக்கெழுதினாள்:
பெட்ரோல், பார்க்கிங்,
ஓட்டுகிறவனுக்கு பீர் கிடையாது,
அப்புறம் உன் அண்ணன் முகத்தை
ஆறு மாதம் பார்க்க வேண்டும்.
"அது எந்தப் பத்தியில் வரும், சொல்லு."
லுபோர் சோப்புத்தூள் மூட்டையைத் தூக்கப் போய்விட்டான்.

ஞாயிறு காலை ரயிலில்
வாய்க்கூடு மாட்டிய நாயொன்று
என் செருப்பில் தலைவைத்துத் தூங்கியது.
காளான் கூடைக்காரர்கள் ஒருவருக்கொருவர்
இறங்கும் ஸ்டேஷனைச் சொல்லிக்கொள்ளவில்லை.
நனைந்த கம்பளிச் சட்டைகளின் வாடை.
ஜன்னலுக்கு வெளியே ஆறு
ரயிலோடு கொஞ்சம் வரும், போகும், மறுபடி வரும்,
டிக்கெட் எடுக்காமல்.

பிறகு காடு.
பீச் மரப்பட்டையில் இரண்டு வெள்ளைக்கு நடுவே
ஒரு சிவப்புக் கோடு.
யாரோ தூரிகையோடு முன்னால் போயிருக்கிறார்கள்,
யாரென்று தெரியாது, நன்றி.
ரொட்டி, பன்றிக்கொழுப்பு, வெங்காயம்,
அவித்த முட்டை ஏழு.
ஏழை மூன்றால் வகுக்க முடியாததே
அன்றைய திட்டத்தின் முதல் பிழை.
லுபோர் மழையைத் திட்டினான்.
மழை மெல்லியதாக, பிடிவாதமாக,
இலைச்சருகின் மேல்
யாரோ கோப்பு புரட்டுவதுபோல் பெய்தது.

கடைசி இறக்கத்தில்
ட்ரஹோமீரா கையை அகல விரித்து நின்றாள்.
பாதையின் குறுக்கே
கறுப்பு உடம்பில் மஞ்சள் தெறித்த சாலமாந்தர்.
ஒரு காலை வைத்தது.
யோசித்தது.
அடுத்த காலை
வைக்கலாமா என்று யோசித்தது.
மேலே இன்னொன்று. வேருக்கடியில் மூன்றாவது.
எங்கே மிதிப்பது என்று தெரியாமல்
மூன்று பெரியவர்கள்
ஒற்றைக்காலில் கொக்குபோல் நின்றோம்.
அவள் கடிகாரத்தைப் பார்ப்பதை நான் பார்த்தேன்,
பார்த்துவிட்டுச் சட்டைக்கைக்குள் அதை மூடியதையும்.

ஐந்து நாற்பத்திரண்டின் பின்விளக்குகள்
வளைவில் சிவப்பாய் ஒருமுறை தெரிந்தன.
அடுத்த ரயில் ஒரு மணி நேரம் கழித்து.
டிக்கெட் ஜன்னல் சாத்தியிருந்தது.
லுபோர் இதுதான் சாக்கென்று
அண்ணனின் காரைப் பற்றிப் பேசப்போகிறான்
என்று காத்திருந்தோம்.
அவனோ மிச்சமிருந்த ஏழாவது முட்டையை
பெஞ்சின் விளிம்பில் தட்டி உரித்து
பேனாக்கத்தியால் மூன்றாக அறுத்தான்.
மஞ்சள்கரு பூராவும் ஒரு துண்டுக்கே போனது.
அதை அவளுக்குக் கொடுத்தான்.
யாரும் பேசவில்லை.
தண்டவாளத்துக்கு அப்பால்
ஆறு ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது,
ரயில் போன பிறகே காதில் விழுந்தது.
இருட்டு மரங்களின் இடுப்புவரை ஏறி
பிறகு ஒரேயடியாக மூடியது.

இந்தப் புதன்கிழமை
போர்வைப் பட்டியலின் பின்பக்கத்தில்
புதிதாக ஒரு வரி:
தவறவிட வேண்டிய ரயில், ஒரு மணி நேரம்.
செலவுப் பத்தியில் பென்சிலை வைத்து எடுத்தாள்,
ஒன்றும் எழுதவில்லை.
"முட்டை ஒன்பதாக இருக்கட்டும்" என்றான் லுபோர்.
இயந்திரம் நின்றது.
நாங்கள் எழுந்து
முந்நூறு போர்வைகளைச்
சூட்டோடு மடிக்கத் தொடங்கினோம்.