எடைக்கு ஏற்ப

எல்லாம் கிலோ கணக்குதான்.
பூச்சி மாத்திரை, மயக்க ஊசி,
உண்ணிக் காய்ச்சலுக்கு இருபத்தெட்டு நாள் மருந்து.
பிலோமினா ஆண்ட்டியின் பொமரேனியனுக்கு
முப்பது வெள்ளியில் முடிகிற காய்ச்சல்
எங்கள் வீட்டில் முந்நூற்றுச் சொச்சம்.
கிளினிக் தராசில் லோரியின் நான்கு காலும் அடங்காது.
முன்பாதியை நான் ஏற்ற
பின்பாதியை நர்ஸ் பெண் நகர்த்த
ஐம்பத்தெட்டு என்று சிவப்பில் எரியும்.
மீன் மார்க்கெட்டில்கூட
இவ்வளவு பயந்து நான் தராசைப் பார்த்ததில்லை.

தம்பி வாங்கிய நாய்.
கிரேட் டேன், சர்டிபிகேட்டோடு
மூவாயிரத்து இருநூறு.
ஜொகூரில் வேலை கிடைத்ததும்
மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்,
இதை எடுக்கவில்லை.
"பெரிய ஜாதி நாய்னா அப்படித்தான்க்கா"
என்கிறான் போனில்,
மழை என்றால் நனையத்தான் செய்யும் என்பதுபோல.

அந்த அப்படித்தானுக்குள்
என்னென்ன இருக்கிறதென்று
காலண்டர் பின்பக்கம் எழுதிவருகிறேன்.
முழங்கையில் எலுமிச்சை அளவு நீர்க்கட்டி,
சிமெண்டுத் தரையில் படுப்பதால்.
மெத்தை வாங்கினேன்,
அதில் நான்தான் உட்காருகிறேன்.
இடுப்பு எலும்பு அதன் கிண்ணத்தில் சரியாகப் பொருந்தவில்லை,
எக்ஸ்ரே இருநூற்றெண்பது.
பிறகு இதயம்.
அளவுக்கு மீறிப் பெரிதாகிக்கொண்டிருக்கிறதாம்.
டாக்டர் ஊய் அதை ஒரு நோயாகச் சொன்னார்.

இரண்டாம் ஷிப்ட் முடிந்து வந்த ஒரு ராத்திரி
கேட்டுக்கு வரவில்லை லோரி.
குளியலறை வாசலில் நின்று குமட்டிக்கொண்டிருந்தது,
நுரையைத் தவிர ஒன்றும் வரவில்லை.
வயிற்றைத் தட்டினால் தவில்.
பிறையில் அந்நேரம் திறந்த கிளினிக் இல்லை.
எதிர்வீட்டு ஆ செங்
ஐஸ்பெட்டிகளை ரோட்டில் இறக்கிவைத்தார்.
லோரியை லோரியில் ஏற்றினோம்.
அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாலத்தில் தீவுக்குப் போகத்தான் டோல்,
திரும்பி வரக் காசில்லை.
பத்தொன்பது வருடமாகத் தெரிந்த விஷயம்,
அன்றைக்கு அது வேறு எதையோ சொன்னது.
மடியில் கிடந்த தலை
என் இரண்டு தொடையையும் மரக்கவைத்தது.

இரைப்பை முறுக்கிக்கொண்டதாம்,
ஈரத்துணியைப் பிழிகிறமாதிரி.
ஆறாயிரத்து எண்ணூறு.
பாதி இப்போதே.
என் கார்டில் இரண்டாயிரம்தான் போனது.
மீதியை ஆ செங் எண்ணி வைத்தார்,
ஒவ்வொரு நோட்டும் கெம்போங் மீன் மணத்தது.
கவுண்டர் பையன் முகத்தைச் சுளிக்கவில்லை,
அவனை அதற்காக ஞாபகம் வைத்திருக்கிறேன்.

சேமநிதி ஆபீசில்
சிகிச்சைக்குப் பணமெடுக்கப் பாரம் உண்டு.
தனக்கு, கணவனுக்கு, பிள்ளைக்கு, தாய் தகப்பனுக்கு.
"யாருக்கு?" என்றாள் உள்ளே இருந்த பெண்.
யோசித்துவிட்டு
"லோரிக்கு" என்றேன்.
"லோரிக் கடனுக்கு பேங்க்குக்குப் போங்கக்கா."
வெளியே வந்து
பஸ் ஸ்டாப்பில் தனியாகச் சிரித்தேன்.
பக்கத்தில் நின்றவர் கொஞ்சம் தள்ளி நின்றார்.

கூட்டுறவில் கிடைத்தது.
முப்பத்தாறு தவணை.
இந்த ஜாதிக்கு எட்டு வருடம்,
நன்றாகப் பார்த்தால் ஒன்பது.
லோரிக்கு ஆறு முடிந்துவிட்டது.
எது முதலில் முடியுமென்று
கூட்டத் தெரியும் எனக்கு.
கூட்டுவதில்லை.

இப்போது இரைப்பையை விலாப்பக்கச் சுவரோடு தைத்திருக்கிறார்கள்,
இனி புரளாதாம்.
சாப்பாடு நான்கு பங்கு, ஓடாமல், குதிக்காமல்.
தூங்குமுன் இரண்டு விரலால் தட்டிப் பார்க்கிறேன்,
பலா பழுத்ததா என்று பார்க்கிறவளைப்போல.
அது ஒரு கண்ணைத் திறந்து
என்னைச் சகித்துக்கொள்கிறது.

போன வாரம் தராசில் ஐம்பத்து நான்கு.
நான்கு கிலோ இளைத்ததால்
மாத்திரையில் அரை வில்லை குறைத்தார் டாக்டர்,
மாதத்துக்குப் பன்னிரண்டு வெள்ளி மிச்சம்.
வரும் வழியில் மார்க்கெட்டில் இறங்கி
அந்தப் பன்னிரண்டுக்கும்
கோழி ஈரல் வாங்கினேன்.