மூன்று துளை

காற்று இன்று மணிக்கு நூற்றுப்பத்துக் கிலோமீட்டர்.
கொமொதோரோவில் இதையெல்லாம் யாரும் செய்தியாகச் சொல்வதில்லை.
விமானம் வராது என்று மட்டும் சொல்வார்கள்.

எலெயுதேரியோ ஆந்திலெயோ, ஐம்பத்தேழு வயது,
பாஹியா பிளாங்காவில் வெங்காயம் ஏற்றி
இருக்கையை விட்டு அதிகம் எழாமல்
இரண்டு நாளாக ஓட்டி வந்தவர்.
மூச்சு வாங்குவதை
லாரியின் கோளாறு போலச் சொன்னார்:
"மேட்டில் இழுக்கவில்லை, சென்யோரா."

விலா இடுக்கில் ஜெல் தடவிக் கருவியை வைத்தேன்.
வலது பக்கம் உப்பி
இடது பக்கத்தை நெருக்கிக்கொண்டிருந்தது.
பிறகு அது வந்தது.
விரல் நீளம். வெளிர் சாம்பல்.
மேலறைக்குள் சுருண்டு, நிமிர்ந்து,
ஒவ்வொரு துடிப்புக்கும் வால்வின் வாசலில்
தலையை நீட்டி
மனம் மாறித் திரும்பிக்கொண்டிருந்தது.

இந்த ஊர் வேலிகளில் பிளாஸ்டிக் பைகள்
இப்படித்தான் படபடக்கும்.
அவற்றையாவது முள்கம்பி பிடித்திருக்கிறது.

டாக்டர் வோய்னார் திரையைப் பார்த்தாள்,
ஜன்னலைப் பார்த்தாள்.
நெஞ்சைத் திறக்கத் தெரிந்தவர்கள்
ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டருக்கு அப்பால்.
மிச்சம் இருந்தது கரைக்கும் மருந்து,
இரண்டு மணி நேரம், நரம்பு வழியாக.
மூளையில் கசிந்தால் என்ன ஆகும் என்பதையும்
மறைக்காமல் சொன்னாள்.
"வெங்காயத்தை யாராவது இறக்கிவிடுவீர்களா?" என்றார்.
அதைச் சம்மதம் என்று எழுத முடியாது,
கையெழுத்தும் வாங்கினோம்.

பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பெயரைக் கேட்டேன்.
ஐந்தாவது முறை வண்டி எண்ணைச் சொன்னார்.
என் கை சில்லிட்டது.
"சலித்துப்போய்ச் சொன்னேன்" என்றார்
கண்ணைத் திறக்காமல்.
ஈறில் மட்டும் கொஞ்சம் ரத்தம்.

விடிவதற்கு முன் மறுபடி ஜெல்.
மேலறை காலி.
வால்வு
யாரும் நிற்காத வாசலைத் திறந்து திறந்து மூடியது.
கரைந்ததா, துண்டு துண்டாக
நுரையீரலுக்குள் போய் ஒளிந்ததா,
என் திரைக்குத் தெரியாது.
ஆக்சிஜன் எண் ஏறிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

கட்டிலடியில் அவருடைய பூட்ஸ்.
வலதில் இறுக்கிய முடிச்சு.
இடதில் கயிறு மூன்று துளை வரை உருவிக் கிடந்தது.

"எப்போது தளர்த்தினீர்கள்?"
"சான் அந்தோனியோவில், வியாழக்கிழமை.
கால் வீங்கினால் தளர்த்தத்தானே வேண்டும்?"

இதய ஸ்கேன் படிவத்தில்
பூட்ஸுக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்:
வியாழன். இடது. மூன்று துளை.