அருந்ததி தெரியுதா

பகல் பதினொன்றரை மணி.
மைன்ஸ் நகரில், கைப்பந்துக் கழக மண்டபம்.
அம்மியில் உன் கால், உன் கால்விரலில் என் கை.
ஐயர் மேலே காட்டினார்.
மேலே
ஒரு குழல்விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.
"அருந்ததி தெரியுதா?"
"தெரியுது" என்றோம்.
நம் முதல் பொய்யைச் சேர்ந்தே சொன்னோம், நிரோசா.
வீடியோக்காரர் அதை
இன்னொரு தரம் சொல்லவைத்தார்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம்
எனக்குக் கண்ணாடியோடு வேலை.
சன்னல் கண்ணாடி இல்லை.
எங்கோ ஒரு மலையுச்சியில்
வானத்துக்கு ஏந்தப்போகும் தட்டு.
உருக்கி வார்த்தபின் மாதக்கணக்கில் ஆறவேண்டும்.
அவசரப்படுத்தினால் வெடிக்கும்.
இரவுப் பணியில் நான் செய்வதெல்லாம்
ஓர் எண் மெல்ல இறங்குவதைப் பார்த்திருப்பது.
கஞ்சியென்றாலும் ஊதி ஆற்றலாம்.

தூரத்தைக் கிட்ட இழுப்பதுதான்
தொலைநோக்கி என்று நினைத்திருந்தேன்.
அடுத்த உலையைப் பார்க்கும் ரோஸ்விதா சிரித்தாள்.
"அது வாளி. மழைக்கு வைக்கிற வாளி.
வாய் அகன்றால் நிறைய விழும்."

மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை
தன் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.
ஐந்தாம் மாடி. நம் பால்கனி.
உடுப்புக் காயும் கம்பியை நீ மடக்கி வைத்தாய்.
ரைன் நதிமேல் மூடுபனி இல்லை.
அவள் அதைப் பெரிய வண்டி என்றாள்,
நாம் ஏழு முனிவர் என்றோம்.
கடைசிக்கு முந்தியவர் வசிட்டர்.
பக்கத்தில் ஒட்டிய மங்கல் புள்ளி
அவள் ஊரில் குதிரையேறிய குட்டி வீரன்,
நம் ஊரில் கற்பரசி.

குனிந்தேன்.
வசிட்டர் இரண்டாக இருந்தார்.

"தள்ளுங்கோ" என்று நீ குனிந்தாய்.
"ஓம், ரெண்டு பேர். அருந்ததி தள்ளி நிக்கிறா."
அந்த இரண்டும் தனித்தனியே இரட்டை,
அருந்ததிக்கும் சிவந்த சின்னத் துணையொன்று உண்டு,
அதற்கெல்லாம் இந்த வாளி காணாது என்றாள் ரோஸ்விதா.
ஆகமொத்தம் ஆறு.
"அப்ப ஐயர் எதைக் காட்டினவர்?"
"குழல்விளக்கை" என்றேன்.

நானூறு வருடத்துக்கு முன்னும்
யாரோ இப்படிக் குனிந்து நிமிர்ந்திருப்பார்கள்.
வியாழனைச் சுற்றி நாலு பொட்டு,
பூமியைச் சட்டை செய்யாமல்.
பந்தியின் நடு இலையில் இருந்த நம்மை
எழுப்பிவிட்டது அந்த நாலு பொட்டு.
பால்வீதியில் பால் இல்லை, எண்ணித் தீராத மணல்.
அந்த வீதியும் ஓர் ஊரின் ஒரு வீதி என்றது
பிறகு வந்த பெரிய வாளி.
அந்த ஊருக்கு எது எல்லை என்று கேட்டால்
ரோஸ்விதா தோளைக் குலுக்குகிறாள்.
நான் ஆறவிடுகிற தட்டுக்குத் தெரியவரலாம்.
எனக்குச் சம்பளம் மாதக் கடைசியில் வரும்.

"இது எப்பத்தைய வெளிச்சம்?" என்றாய்.
எண்பது வருடம், கொஞ்சம் கூட.
ரோஸ்விதா விரல்விட்டுக் கழித்தாள்,
பாதியில் விரலை மடக்கிக்கொண்டாள்.
அந்த வருடப் பெப்ரவரியில் இந்த ஊர் எரிந்தது.
அவள் தாய்க்கு ஆறு வயது,
நிலவறை, மூக்கில் ஈரத்துணி.
இந்த மாடி நிற்கும் இடத்தில் அன்று
புகை நின்றிருக்கும்.
அந்நாளில் புறப்பட்டது
இப்போது உன் கண்ணுக்குள் விழுகிறது.
நீ கண்ணை எடுக்கவில்லை.
உனக்கும் ஒரு பங்கர் தெரியும்.
அவள் கேட்கவில்லை, நீ சொல்லவில்லை.
கீழே கடைசி டிராம் திரும்பியது.

கனநேரம் கழித்து நிமிர்ந்தாய்.
கண்ணைச் சுற்றி ரப்பர் பதிந்த வட்டம்.
"தெரியுதா?" என்றேன்.
"இப்ப இருந்தவா. போட்டா."

போனது அருந்ததி இல்லை.
பால்கனி, மடக்கிய கம்பி,
ரைன், பாலத்து விளக்குகள்,
கையில் தேநீரோடு நாம் மூவர்.