இடது முழங்கால்

பதிவேட்டில் ஃப்ளோரா 'ரெக்கார்டு' என்று எழுதியிருந்தாள்.
ரிக்கார்ட். ரிக்கார்ட் ஹெட்லுண்ட்.
வயது நாற்பத்து மூன்று, சுவீடன், இடது முழங்கால்.
முத்தியால்பேட்டையில் மருந்துக்கடை மாடி,
மூன்று கட்டில், ஒரு மெழுகுத் தொட்டி,
இவ்வளவுதான் எங்கள் கிளினிக்.
வாடகை ஸ்கூட்டரில் வந்தவர்
படிகளை நண்டு மாதிரி
பக்கவாட்டில் ஏறினார்.

தொழில்? என்றேன்.
"இருந்தது" என்றார்.

மற்றதை உடம்பு சொன்னது.
குதிகாலுக்கு மேலே தையல்: ஒரு பயிற்சி ஆட்டம், பார்க்க ஆளில்லை.
புருவத்தில் வெட்டு: சொந்த அணி கோல்கீப்பரின் முட்டி.
முழங்காலில் மூன்று கோடு, மூன்று வருஷம்.
மூன்றாவதைத் தொட்டால் மட்டும்
மின்விசிறியைப் பார்ப்பார்.

பதினான்கு சீசன், இடப்பக்கத் தடுப்பாட்டம்.
சட்டை எண் மூன்று.
முன்னூற்றுப் பதினாறு ஆட்டம், இரண்டு கோல்;
ஒன்று சொந்த வலையில்,
அதையும் சேர்த்தேதான் சொல்கிறார்.
கிரேக்கத்தில் ஒரு கிளப்
ஐந்து மாதச் சம்பளம் தரவேயில்லையாம்.
எங்களுக்கும் மார்ச் பாக்கி என்றேன்.
அன்றுதான் முதலில் சிரித்தார்.

கடைசி ஆட்டம் ஓர் அக்டோபரில்.
அறுபத்தோராம் நிமிடம்
கோட்டோரம் பலகை உயர்ந்தது, சிவப்பில் மூன்று.
அதுதான் கடைசி என்று
பலகை பிடித்தவனுக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது.
பால் பொங்குமே என்று அடுப்படிக்குப் போவதுபோல்
சின்ன ஓட்டமாக வெளியே வந்திருக்கிறார்.
மழையில் நாலாயிரம் பேர்.
கைதட்டல் உள்ளே போகிற பையனுக்கு.

காலை நேராகத் தூக்கி இறக்க வேண்டும்,
நான் எண்ணுவேன்.
ஒண்ணு, ரெண்டு, மூணு.
மூணு வந்ததும் "அது நான்" என்பார்.
பத்தில் நிறுத்துவேன்.
எங்களிடம் எல்லாம் பத்துதான்:
பத்து தடவை, பத்து நொடி, பத்து நாளுக்கு ஒரு ரசீது.
இரண்டாம் வாரம் அவரே எண்ணினார்.
ஏழு மட்டும் ஏலு ஆனது.
எங்கள் தெருவிலும் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

பந்து பற்றி நாங்கள் பேசியதில்லை.
டிவியில் ஆட்டம் ஓடினால்
ஃப்ளோராவிடம் சீரியல் வைக்கச் சொல்வார்.

பதினெட்டாம் நாள்
அரைக்கால் சட்டையெல்லாம் செம்மண்.
முழங்கையில் தோல் வழன்று ஈரம் காயவில்லை.
லாஸ்பேட்டை ஹெலிபேட் மண்.
எனக்குத் தெரியாதா,
அங்கேதான் ஸ்கூட்டர் பழகி விழுந்தேன்.
விழுந்தீர்களா? என்றேன்.
"தாவினேன்."

காலையில் நடக்கப் போனாராம்.
பையன்களுக்கு ஓர் ஆள் குறைந்ததாம்.
இந்தக் கால் ஓடாது என்று பார்த்ததுமே தெரிந்து
இரண்டு செங்கல்லுக்கு நடுவே நிறுத்தினார்களாம்.
பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை.
நாலு கோல் விட்டாராம்.
நாலாவதுக்கு ஒருவன் திட்டினானாம்;
அந்த வார்த்தையை அட்சரம் பிசகாமல் சொல்லி
அர்த்தம் கேட்டார்.
ஃப்ளோரா வேகமாகப் படியிறங்கி
மருந்துக்கடைக்குப் போய்விட்டாள்.
கவனமில்லாதவர், என்று மொழிபெயர்த்தேன்.

கோபம்தான் எனக்கு. பதினெட்டு நாள் வேலை.
டேப் வைத்து அளந்தால்
வீக்கம் ஒன்றரை சென்டிமீட்டர் கூடுதல்.
அட்டையில் சிவப்பு மையில் எழுதினேன்:
ஓடக் கூடாது. தாவக் கூடாது.
ஐஸ் வைத்தேன், காயத்தைத் துடைத்தேன்.
எண்ணுங்கள் என்றேன், முகம் பார்க்காமல்.

மெதுவாக எண்ணினார்.
ஏலு. எட்டு.
ஒம்பது. பத்து.
துண்டை எடுக்கத் திரும்பிவிட்டேன்.
கட்டில் கிரீச்சிட்டது,
கால் இன்னும் இறங்கவில்லை.

"பதினொண்ணு."

நான் சொல்லித் தந்ததில்லை.