கைரேகை

லாங்கு பஜார், நகைப்பெட்டிக் கடையின் பின்கட்டு.
முக்தியார் பாய் பஞ்சுக் கையுறை மாட்டிக்கொண்டுதான்
அதை எடுத்தார்.
ஆயிரத்தெண்ணூற்று அறுபத்திரண்டு.
புழக்கத்துக்கு அல்ல, மாதிரிக்கென்று மெருகேற்றி அடித்தது.
என் மூக்குத்தி அதில் தெரிந்தது.

இத்தனை வருஷத்தில்
ஒரு படி அரிசி வாங்கியதில்லை,
இலவம்பாடிக் கத்தரிக்காய் ஒரு கூறு வாங்கியதில்லை,
யார் இடுப்பு முடிச்சிலும் வேர்த்ததில்லை.
அதனால்தான் இந்த விலை.

‘ஆனா ஒரு குறை’ என்று லென்சைத் தந்தார்.
ராணியின் கழுத்துக்குக் கீழே
மங்கலாய் ஒரு கட்டைவிரல் ரேகை.
டங்கசாலையில் எவனோ
வெறுங்கையால் தொட்டிருக்கிறான்.
‘துடைச்சா இன்னும் கெடும். பாதிக்குத் தரேன்.’

சீட்டுப் பணத்தை எண்ணிவைத்தேன்.
பஸ் பாலாற்றுப் பாலம் தாண்டும்வரை
திறக்கவில்லை.
பிறகு, தொடாமல்,
என் விரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
அவனுடையது
சின்னது.