மூன்று வரிக் குறிப்பு

கண்காட்சிக் குறிப்புக்கு மூன்று வரி போதுமாம்.
பிறந்த ஊர் புன்டா அரேனஸ்.
படித்தது, பாதித்த கலைஞர்கள்.
இரண்டு ஓவியர் பெயர் எழுதிக் கொடுத்தேன்,
அதில் ஒருவரை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

அம்மா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறை கூட்டினாள்.
காற்று எங்கள் சமையலறை ஜன்னலை உடைத்த வருஷம்,
அந்தத் தென்கோடியில் கண்ணாடி விற்ற விலைக்கு,
கழித்துப்போட்ட படங்களைக் கொண்டுவந்து
சட்டத்தில் ஆணியடித்தாள்.
நாலு மணி வெயிலில்
யார் யாருடைய விலாவோ
மேஜைவிரிப்பில் வந்து விழும்.
அதன்மேல் கணக்குப் போட்டேன், ரொட்டி தின்றேன்.
ஒரு முழங்கையை வெகுநாள்
நண்டு என்றே நினைத்திருந்தேன்.

முட்டை வாங்க வந்த எர்மோசினா
பாத்திரமும் கையுமாக நின்றுவிட்டாள்.
வலது தோளில் இரண்டு திருகாணி.
அவள் புருஷன் ஏறிய படகு
நீரிணைக்குள் போய் ஒன்பது மாதம்.
அழவில்லை.
விரிப்பில் கிடந்த நிழல்மேல் உள்ளங்கையை வைத்தாள்,
நிழல் அவள் கைமேல் ஏறிக்கொண்டது.

அம்மா ஒன்றும் கேட்கவில்லை.
ஆணிகளைப் பிடுங்கினாள்,
படத்தைச் சுருட்டிக் கொடுத்தாள்,
முட்டைக்குக் காசு வாங்கிக்கொண்டாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அந்தச் சதுரத்தில்
சோப்புப் பெட்டி அட்டை.

உங்கள் படங்களில் எங்காவது ஓரமாக
ஒரு இருட்டுக் கட்டம் வந்துவிடுகிறதே, இஸ்மேனியா,
என்கிறார்கள்.
லென்ஸ் பழசு என்பேன்.