தற்காலிகம்

பூட்டுப் படம் பச்சையாகத்தான் இருக்கு, தேவி மேடம்,
உள்ளேதான் எதுவும் திறக்கலை என்கிறார்
அமலோற்பவநாதன், கடலூர் ஓ.டி.யிலிருந்து.
அவர் குரலுக்குப் பின்னால் உப்பனாற்றில் ஏதோ ஒரு படகு
கிளம்ப மனமில்லாமல் இருமுகிறது.
மாதக் கடைசி, ஞாயிறு, இரவு பத்தே முக்கால்.
நான் மஞ்சக்குப்பத்தில், மொட்டைமாடியில்,
சிக்னல் வரும் ஒரே மூலையில்.

எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால் வருகிறது.
10.20.4.17. நாலு பாக்கெட் போய் நாலும் திரும்பின.
அக்கவுண்ட்ஸ்-1 என்று பேர் சொல்லிக் கூப்பிட்டால்
நேரம் கடந்தது
நேரம் கடந்தது.

ஆக, சுரங்கம் தூர்ந்து போகவில்லை.
பெயர்தான் எங்கோ திரும்பிவிடுகிறது.

சில வீடுகளில் மூலையில் கண்சிமிட்டும் மோடத்தைப் போய்க் கேட்கும்,
கம்பெனியின் உள்ளறை அதற்கு எப்படித் தெரியும்?
இங்கே அதுவும் இல்லை.
கேட்க வேண்டிய ஆளைத்தான் கேட்கிறது,
லுக்கப்பில் சரியான எண்தான் வருகிறது,
பிங் மட்டும் தன்பாட்டுக்கு 10.20.1.5க்குப் போகிறது.
ஒரே மேஜையில் ஒரு பெயருக்கு இரண்டு பதில்.

ஃபிளஷ் கொடுத்தேன்.
எல்லாம் மறந்து எழுந்து
மறுபடி அதே 1.5.

ரீஸ்டார்ட் ஆகும்வரை அவர் பேசுகிறார்:
போன வருஷம் பாப்பாவுக்குக் கண்ணாடி ஆர்டர் போட்டேன் மேடம்,
எவனோ ஊர்ப்பேரை கூடலூர்னு அடிச்சிட்டான்.
நீலகிரிக் குளிர்ல பன்னெண்டு நாள் கிடந்துட்டு வந்துச்சு.
அதுவரைக்கும் பிள்ளை முதல் பெஞ்சு.
பின்கோடு? என்றேன்.
பின்கோடெல்லாம் சரிதான். யார் பார்த்தா?

அப்போதுதான் உறைத்தது.
ஊரைக் கேட்பதற்கு முன்
இது தன் சட்டைப்பையைத் தடவிப் பார்க்கும்.
சிஸ்டம்-32, டிரைவர்ஸ், ஈ.டி.சி.,
ஹோஸ்ட்ஸ் என்றொரு வாலில்லாத கோப்பு.
நோட்பேடை அட்மினாகத் திறந்து
கீழே, கீழே, இன்னும் கீழே போனால்
10.20.1.5 அக்கவுண்ட்ஸ்-1
அதன் தலைமாட்டில்:
# தற்காலிகம். வி.பி.என். சரியானதும் எடுக்கணும். தேவி, ஜூன் 2020.

ஊரடங்கு. முப்பத்தெட்டு பேர் ஒரே வாரத்தில் வீட்டிலிருந்து.
ஒருவருக்குப் பத்து நிமிஷம்.
சம்பளம் போட்டாக வேண்டும் என்று எல்லாரும் போனில்.
அந்தப் பழைய சர்வரை நிறுத்தியது
இந்த வெள்ளிக்கிழமை சாயந்திரம்.
நிறுத்தியதும் நான்தான்.

என்ன மேடம், என்னவாம் அதுக்கு?
பழைய விலாசம் சார் என்றேன்.
யார் எழுதியது என்று அவர் கேட்கவில்லை.
வரியை அழிக்கக் கை வராமல்
முன்னால் ஒரு # மட்டும் போட்டு மூடினேன்.

திறந்திடுச்சு, திறந்திடுச்சு என்றவர்
என்னை வைக்காமலே வவுச்சர் நம்பர்களை
யாருக்கோ வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.

விடிந்தால் திங்கள். மீதி முப்பத்தேழு.
யார் யார் என்று ஒரு பட்டியல் அப்போதே எழுதி வைத்தேன்,
எழுதியது நன்றாக நினைவிருக்கிறது.
எந்தப் பெயரில் சேமித்தேன்?